சுயமரியாதைத் திருமணச் சட்டம்: கோலார் தங்கவயல் தமிழர்களுக்குப் பொருந்துமா?

கோலார் தங்கவயல்: புரோகிதர், அக்னி, சடங்கு ஏதுமின்றி மாலை மாற்றிக்கொண்டு நடத்தப்படும் சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் 1968 முதல் சட்டப்படி செல்லும். ஆனால், அதற்கு வழிவகுத்த சட்டத் திருத்தம் தமிழ்நாட்டின் எல்லைக்குள் மட்டுமே நடைமுறையில் உள்ளது. சுரங்க வேலைக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தங்கவயல் குடும்பங்கள், கர்நாடகத்தில் இத்தகைய திருமணத்தை நடத்தும்போது கவனிக்க வேண்டிய சட்ட விவரங்கள் வருமாறு:

சட்டத்தின் பின்னணி

பெரியார் ஈ.வெ.ரா. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், 1920-களின் இறுதியிலிருந்து புரோகிதர் இல்லாத திருமணங்களை நடத்தி வந்தது. எனினும், இந்து முறைப்படியான சடங்குகள் நடைபெறவில்லை என்ற காரணத்தால், அத்தகைய திருமணம் செல்லாது என 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால், ஏற்கெனவே மணம் புரிந்தோரின் சொத்துரிமையும் குழந்தைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின.

இந்தக் கட்டுப்பாட்டை நீக்க, 1967-இல் ஆட்சிக்கு வந்த முதலமைச்சர் சி.என்.அண்ணாதுரை தலைமையிலான சென்னை மாநில அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. திருமணம் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளதால், மத்திய சட்டத்திலிருந்து மாறுபடும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அவசியம். அந்த ஒப்புதல் 1968 ஜனவரியில் கிடைத்தது.

பிரிவு 7ஏ கூறுவது என்ன?

உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாக அறிவிக்கலாம், மாலை மாற்றிக்கொள்ளலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று நடைபெற்றாலே போதுமானது. சட்டம் வருவதற்கு முன்னர் நடைபெற்ற இத்தகைய திருமணங்களும், சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, செல்லுபடியாக்கப்பட்டன. புதுச்சேரியிலும் இதுபோன்ற திருத்தம் உள்ளது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடைபெறும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மணப்பவர்கள் பலரைக் கூட்டி அறிவிக்க இயலாத நிலையில் இருக்கக்கூடும் என்பதைச் சுட்டிக்காட்டி, அந்தக் கருத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28-இல் நிராகரித்தது.

கர்நாடகத்தில் நிலை என்ன?

கர்நாடகத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவே பொருந்தும். மணமக்களில் ஒருவருடைய சமூகத்தின் வழக்கமான சடங்குகளின்படி திருமணம் நடைபெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தாலி கட்டுவதே தங்கள் சமூக வழக்கம் என்றால், சர்ச்சை எழும்போது அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஆனால், உரிய சடங்குகள் நடைபெறாத இந்து திருமணத்துக்குப் பதிவு மட்டுமே செல்லுபடித் தன்மையை அளித்துவிடாது என 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே வேளையில், நீண்டகாலம் கணவன், மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்களாகவே கருதலாம் என்ற சட்ட ஊகத்தையும் உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஏற்றுள்ளது.

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பின்னர், தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பணப்பலன், ஓய்வூதியம், குடியிருப்பு உரிமை ஆகியவையே எஞ்சிய உடைமைகள். கணவர் இறந்த பிறகு இவற்றைக் கோரும் பெண்ணிடம் திருமணத்துக்கான சான்று கேட்கப்படும்போதுதான் இந்தச் சட்ட வேறுபாட்டின் தாக்கம் வெளிப்படுகிறது.

உள்ள வழிகள்

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் நாடு முழுவதும் பொருந்தும். இதன்படி மணக்க விரும்புவோரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள்கள் வசித்திருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் அளிக்கும் அறிவிப்பு வெளியிடப்பட்டு, 30 நாள்களுக்குள் ஏற்கத்தக்க ஆட்சேபம் எழாவிட்டால், மூன்று சாட்சிகளுடன் திருமணம் நடைபெறும். சாதி, மதம் கடந்து மணப்போருக்கு இந்த வெளிப்படையான அறிவிப்பே அச்சுறுத்தலாக அமைகிறது என்ற விமர்சனமும் உண்டு.

ஏற்கெனவே வேறு முறையில் மணம் புரிந்து சேர்ந்து வாழ்வோர், அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவின்கீழ் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்யலாம். மணவிழாவுக்குப் பின் பிறந்த குழந்தைகளும் அதன்மூலம் சட்டப்பூர்வ வாரிசுகளாகக் கருதப்படுவர்.

தமிழ்நாட்டுக்குள் திருமணத்தை நடத்துவோர், அம்மாநிலத்தின் 2009-ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

யாருக்கு அதிகாரம்?

திருமணச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நகரசபைக்கு இல்லை. நாடாளுமன்றத்துக்கும் சட்டப்பேரவைகளுக்குமே உள்ளது. தன்பாலினத்தவர் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17-இல் தீர்ப்பளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வும், திருமண உரிமையை விரிவுபடுத்துவது சட்டமியற்றும் அவைகளின் பணி என்றே கூறியது. குடிமை இணைவு உரிமைக் கோரிக்கை 3-2 என்ற பெரும்பான்மையில் நிராகரிக்கப்பட்டது.

எனினும், உள்ளாட்சி அமைப்பின் முயற்சி பலனளித்த முன்னுதாரணம் ஆசியாவிலேயே உண்டு. தைவானில் தன்பாலினத் திருமணத் தடை குறித்து 2015-இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் விளக்கத்தைக் கோரியவர்களுள் தைபே மாநகர அரசும் ஒன்று. 2017 மே 24-இல் அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பு வந்தது; இரண்டு ஆண்டுகளில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பிரிவு 7ஏ போன்ற திருத்தத்தைக் கர்நாடக சட்டப்பேரவையும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் கொண்டுவர அரசமைப்புச் சட்டத்தில் தடையில்லை. அதுவரை, சடங்கு வேண்டாம் என முடிவெடுக்கும் தங்கவயல் மணமக்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டமே உறுதியான பாதுகாப்பாக உள்ளது.