குதிரைப் பயிற்சியில் நம்பிக்கை: அடங்குதலும் நம்புதலும்

1. ஆய்வின் எல்லை

குதிரையைப் பழக்க நம்பிக்கையே அடித்தளம் என்பதைப் பயிற்சியாளர் பலரும் ஒப்புவர். எதை நம்பிக்கை எனக் கொள்வது என்பதில்தான் கருத்து பிரிகிறது. அடங்கி நிற்கும் குதிரையெல்லாம் நம்பும் குதிரை அன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. அச்சத்தின் இயல்பு

குதிரை வேட்டைக்கு இரையாகி வந்த விலங்கு. தலையின் இருபுறமும் அமைந்த கண்கள் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே அதற்குப் பார்வை எட்டாது. அதனால்தான் பழகியவர் குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக அணுகுவர். ஐயம் எழுந்ததும் ஓடுவது அதன் தற்காப்பு. ஓட வழியற்றபோதே பெரும்பாலும் உதைக்கிறது, கடிக்கிறது. முரடு எனப் பெயர் வாங்கிய குதிரைகள் பலவும் அஞ்சிய குதிரைகளே.

கையாள்பவரின் பதற்றமும் அதை எட்டுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குதிரையை நடத்திச் செல்பவரிடம் குடை விரிக்கப்படும் என்று சொல்லிவிட்டு, விரிக்காமலே இருந்தனர். அவருடைய இதயத் துடிப்பு கூடியது. குதிரையின் துடிப்பும் கூடவே கூடியது.

3. குரூசர்

அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளரான ஜான் ராரே 1858-இல் இங்கிலாந்தில் புகழின் உச்சியில் இருந்தார். இரும்பு வாய்க்கூடு மாட்டி அடைத்து வைத்திருந்த குரூசர் என்ற பந்தயக் குதிரையை அவர் பழக்கிக் காட்டியது நாடெங்கும் பேசப்பட்டது. அவருடைய முறை இது: முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார், பின் மற்றதையும் மடக்கிக் குதிரையைப் படுக்கச் செய்வார், அதன் பிறகு உடல் முழுவதும் மென்மையாகத் தடவிக் கொடுப்பார்.

அடியைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலானது. சவுக்கே வழக்கமாயிருந்த காலத்தில் ராரே செய்த தொண்டு பெரிது. ஆயினும் தப்ப இயலாது என்று உணர்ந்த உயிர் முயல்வதையே கைவிடும். உளவியலார் இதைக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்பர். வெளிப்பார்வைக்கு அதுவும் அமைதியாகவே தெரியும். படுத்த குதிரை எதைக் கற்றது என்பதைப் பார்வையாளரின் கைதட்டல் தீர்மானிக்க முடியாது.

4. அழுத்தமும் விடுவிப்பும்

அமெரிக்கப் பயிற்சியாளர்களான டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் ஆகியோர் வளர்த்த நெறி வேறு. இந்நெறியில் பயிற்சியாளர் கயிற்றாலோ காலாலோ சிறு அழுத்தம் தருவார். குதிரை சரியான திசையில் அசைய முற்பட்டவுடனேயே அழுத்தத்தை விட்டுவிடுவார். கற்பிப்பது அழுத்தமன்று, விடுவிப்பே. விடுவிப்பு தாமதித்தால் எந்த அசைவு சரி என்பது குதிரைக்குப் புரியாது. ஒருபோதும் விடாத கையிடம் அது மரத்துப்போகும். தன் செயலுக்கு உறுதியான பலன் உண்டு என்று குதிரை அறிந்துகொள்வதையே நான் நம்பிக்கை என்கிறேன்.

இக்கருத்தின் வேர் பழையது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன், குதிரையிடம் சினத்தோடு நடந்துகொள்ளவே கூடாது என்றார். அது மிரளும் பொருளை நோக்கி அடித்துச் செலுத்தாமல், நாமே அப்பொருளைத் தொட்டுக் காட்டி மெல்ல அருகே கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினார்.

5. கைமாறும்போது

ஒருவரிடம் இவ்வாறு கற்ற குதிரை, வேறொருவர் அதே குறிப்பை வேறுவிதமாகத் தந்தால் குழம்பும். பலர் ஏறும் பயிற்சிப் பள்ளிக் குதிரைகளுக்கு இதுவே தீராத தொல்லை. அங்கே முதலில் பழக்க வேண்டியது ஆட்களை: லாயத்தில் தீனி வைப்பவர் முதல் சேணத்தில் அமர்பவர் வரை அனைவரும் ஒரே குறிப்பைத் தந்து, ஒரே தருணத்தில் விடப் பழக வேண்டும்.