இருபது பவுண்டும் ஒரு வெள்ளிக் கடிகாரமும்

'அவரு மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராமே!' இந்த வாக்கியம் உங்கள் காதில் ஒரு தடவையாவது விழுந்திருக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'ஐ.பி. போட்டுட்டார்' என்பார்கள். பணம் கொடுத்து ஏமாந்தவர் சொன்னால் அதில் வயிற்றெரிச்சல் இருக்கும். மற்றவர்கள் சொன்னால், 'சாமர்த்தியமா தப்பிச்சுட்டான்யா' என்கிற லேசான பொறாமை!

திவால் சட்டம் என்பது கடன் வாங்கியவர் நழுவி ஓட ஒரு பின்வாசல்தானா? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

முதலில் ரோமாபுரி. கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட 'பன்னிரண்டு பலகைச் சட்டம்' கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை கொடுத்தது. அதற்கப்புறமும் பணம் வரவில்லையா? கொடுத்தவர் அவனைக் கட்டி இழுத்துப் போகலாம். இன்னும் 60 நாள். அப்போதும் மீட்க ஆளில்லை என்றால் அடிமையாக விற்கலாம், கொல்லலாம். பணம் கொடுத்தவர்கள் பல பேர் என்றால், ஆளைக் கூறுபோட்டுக்கொள்ளலாம் என்றுகூட அதில் ஒரு வரி உண்டு! கூறுபோடுவது உடலையா, சொத்தையா என்று அறிஞர்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். எப்படியோ, கடனுக்கு ஈடு வாங்கியவனின் உடம்பு. அது மட்டும் சந்தேகமே இல்லை.

அப்படியே ஒரு தாவு தாவி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே 1571-ல், எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. திவாலான வியாபாரியின் சொத்தை விற்று, கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பங்கு. முதலில் ஓடிப்போய் அள்ளியவனுக்கே எல்லாம் என்கிற கூத்து முடிந்தது. 1705-ல் அடுத்த படி. வியாபாரி ஒளிக்காமல் எல்லாச் சொத்தையும் ஒப்படைத்தால், பாக்கிக் கடனிலிருந்தே அவருக்கு விடுதலை கிடைக்கலாம். ஒளித்தால்? தூக்கு! சும்மா மிரட்டல் இல்லை. ஜான் பெரோட் என்கிற வியாபாரியை 1761-ல் லண்டனில் நிஜமாகவே தூக்கில் போட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இந்தச் சலுகை வியாபாரிகளுக்கு மட்டும். கப்பல் மூழ்கலாம், சந்தை சரியலாம், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள் என்கிற அனுதாபம். குமாஸ்தா கடன்பட்டால் அனுதாபம் கிடையாது. ஜெயில்தான்!

அப்படி மாட்டினார் ஒருவர், 1824 பிப்ரவரியில். கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. பேக்கரிக்காரர் ஒருவருக்கு 40 பவுண்ட் 10 ஷில்லிங் பாக்கி. லண்டனில் மார்ஷல்ஸீ சிறையில் தள்ளினார்கள். போகப்போக மனைவியும் சின்னக் குழந்தைகளும் அங்கேயே குடிபோனார்கள். (கடனாளிச் சிறையில் குடும்பமே தங்கலாம். அப்படி ஒரு 'வசதி'!) பன்னிரண்டு வயதுப் பையனோ வெளியே, ஷூ பாலிஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். வாரச் சம்பளம் 6 ஷில்லிங். பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்குப் போடுங்கள். அந்தச் சம்பளத்தில் அப்பாவின் கடனை அடைக்க இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும்!

பேக்கரிக்காரரை வில்லனாக்கி விடாதீர்கள். மாவும் விறகும் அவருக்கும் ஓசியில் வராது. கொடுத்த பணத்தைக் கேட்பது அவருடைய உரிமை. கேள்வி வேறு. தச்சனையும் தையற்காரனையும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டால், கடனை அடைக்கச் சம்பாதிப்பது யார்?

இந்த அபத்தம் உறைத்துத்தான் வியாபாரி அல்லாதவர்களுக்கும் 1813-ல் ஒரு வழி செய்திருந்தார்கள். சொத்து முழுவதையும் ஒப்படைத்தால் சிறையிலிருந்து விடுதலை. ஆனால் கடன் ரத்தாகாது. பின்னால் சொத்து சேர்ந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். குடும்பத்தின் உடுப்பு, படுக்கை, தொழில் கருவி என்று எல்லாம் சேர்த்து 20 பவுண்ட் பெறுமானம் வரை வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக அந்தப் பையனின் உடுப்பையும் மதிப்பிட வேண்டியிருந்தது. அதிகாரி முன்னால் போய் நின்றான். கிழட்டுத் தொப்பி, குட்டைச் சட்டை. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. ஆனால் சட்டைப்பைக்குள் பாட்டி கொடுத்த வெள்ளிக் கடிகாரம்! அதைச் சேர்த்தால் கணக்கு 20 பவுண்டைத் தாண்டிவிடுமோ என்று உள்ளுக்குள் உதறல். அதிகாரி வாய் நிறைய சாப்பாட்டோடு எட்டிப் பார்த்தார். 'சரி சரி, போதும்' என்று அனுப்பிவிட்டார். மே மாதக் கடைசியில் அப்பா வெளியே வந்தார்.

பையனின் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். அந்தச் சிறையை அவர் மறக்கவே இல்லை. 'லிட்டில் டோரிட்' நாவலில் மார்ஷல்ஸீயையே களமாக்கினார். அந்த நாவல் வருவதற்கு முன்பே, 1842-ல், சிறையை மூடிவிட்டார்கள். 1861-ல் வியாபாரி அல்லாதவர்களுக்கும் திவால் சட்டம் வந்தது. 1869-ல் பெரும்பாலான கடன்களுக்குச் சிறைத் தண்டனையும் ஒழிந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைப் பாருங்கள். கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. அதாவது, தாலியில் கை வைக்க முடியாது! 1980-ல் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு படி மேலே போனார். வசதி இருந்தும் கொடுக்க மறுப்பவனை உள்ளே தள்ளலாம், வெறும் ஏழ்மைக்காக யாரையும் சிறையில் போடக்கூடாது என்றார்.

ஆக, இது பின்வாசல் இல்லை. இரண்டு பக்கமும் பூட்டுள்ள கதவு. ஒளிக்காமல் காட்ட வேண்டும், இருப்பதைப் பங்கிட வேண்டும். அதே சமயம், அவன் மறுபடி எழுந்து நிற்க எதையாவது மிச்சம் வைக்க வேண்டும். அடுத்த முறை யாராவது 'மஞ்சக் கடுதாசி' என்று கிசுகிசுத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'கொடுக்க முடியலையா, கொடுக்க மனசில்லையா?' ரோமாபுரிக்கும் நமக்கும் உள்ள தூரம் அந்த ஒரு கேள்விதான்.