அன்னபூரணி என்றொரு கப்பல்

கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்குக் கடலோடு உள்ள ஒரே உறவு பாலாறு. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆற்றைப் பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேக்கி, அந்தத் தண்ணீரைத்தான் எங்கள் சுரங்கக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். மிஞ்சியது வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கும்.

காணும் பொங்கலன்று அப்பா எங்களைப் பேத்தமங்கலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார். பாய் கட்டிய படகை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பாய்க்கயிறுமாக ஒரே ஆள் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலையில் இருந்தவர். தலைக்கு மேலே பாறையைத் தாங்கி நிற்கும் மரத்தின் கனம் அவர் தோளுக்குத் தெரியும். படகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த அளவுக்கு ஒருத்தன் போதும்டா. இதுக்கு மேல பெருசாச்சுன்னா நாலு பேர் கை வேணும்."

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சனின் கதையைப் படித்தபோது அப்பா சொன்ன அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

ராபின்சன் 1902-இல் பிறந்த அமெரிக்கர். அவரிடம் 'ஸ்வாப்' என்று ஒரு சின்னப் படகு இருந்தது. சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த பெயர். கனவு என்று பொருள் கொண்டு வைத்தார். இரண்டு பாய்மரம், நீளம் முப்பத்திரண்டரை அடி. எங்கள் லைன் வீடுகளில் இரண்டைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும். 1928 ஜூனில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, பனாமா கால்வாய், தாஹித்தி, இந்துமாக் கடல், செங்கடல், சூயஸ் என்று உலகத்தைச் சுற்றி 1931 நவம்பரில் ஊர் திரும்பினார். அவ்வளவு சிறிய படகில் அதுவரை யாரும் உலகைச் சுற்றி வந்ததில்லை. பெரும்பகுதி தூரம் அவருக்குத் துணை எத்தேரா என்ற தாஹித்தி இளைஞர் ஒருவர்தான்.

1934-இல் கலாபகஸ் தீவுகளில் ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்தது. அமெரிக்கக் கடற்படை விமானமும் போர்க்கப்பலும் வந்து உயிரைக் காப்பாற்றின. ஸ்வாப் அங்கேயே தங்கிவிட்டது. பிறகு அவர் கைக்குத் திரும்பவில்லை. சின்னப் படகு போனபின் அவர் மனம் பெரிய கப்பல் ஒன்றைத் தேடியது. அந்தத் தேடல் அவரைக் கொண்டுவந்து சேர்த்த இடம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை.

அந்த ஊர்க்காரர்கள் நாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் ரங்கூனுக்கும் சரக்கு ஏற்றி இறக்கிப் பழகியவர்கள். அரிசியும் தேக்கும் கூரை ஓடுகளும் அவர்கள் கப்பல்களில் வந்தன. அந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் ஊர் மேத்திரிமார். காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு கட்டும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அளவெல்லாம் மனக்கணக்கு, தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்தது. கடற்கரை மணலிலேயே அடிமரமான ஏராக்கட்டையைக் கிடத்தி, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, மேலே பலகை சேர்த்து எழுப்புவார்கள். 1930-ஐ ஒட்டி அப்படி எழுந்த கப்பல்தான் அன்னபூரணி. 89 அடி நீளம். வேப்பமரம் அதன் கட்டுமானத்தில் முக்கிய மரம். ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார்.

முப்பத்திரண்டரை அடியிலிருந்து 89 அடி என்பது கேட்பதற்கு மூன்று மடங்குகூட இல்லை. கணக்கு அப்படி நிற்காது. நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் கூடவே வளரும். எல்லாம் இரண்டு மடங்கானால் கலத்தின் கனம் எட்டு மடங்காகும். ஸ்வாபின் வடிவத்தையே 89 அடிக்கு வளர்த்தால் கனம் இருபது மடங்காகிவிடும். அதற்கேற்ற நங்கூரத்தை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. காற்று நிறைந்த பாயை ஒருவன் இழுத்துச் சுருட்டவும் முடியாது. பெரிய கப்பலை வாங்குகிறவன் மனிதர்களையும் தேட வேண்டும். ஏரிக்கரையில் அப்பா சொன்னதும் இதுவே.

அந்த மனிதர்களையும் வல்வெட்டித்துறைதான் தந்தது. கப்பல் தலைவராக, அதாவது தண்டையலாக, கனகரத்தினம் தம்பிப்பிள்ளை, வயது 48. அவரோடு இருபதுகளில் இருந்த இளைஞர் நால்வர். 1937-இல் புறப்பட்டு, சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று போய், 1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பல் சேர்ந்தது. வங்கக் கடலின் சரக்குப் பாதைகளுக்கென்று தமிழர் கட்டிய கலம் அட்லாண்டிக்கையும் தாண்டிவிட்டது. குளோஸ்டர் அமெரிக்காவின் மிகப் பழைய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் வாழ்ந்த ஊர் அது. அந்த ஊரார் முன்னால் போய் நின்றது மணலில் கட்டிய நம் கப்பல்.

ஆனால் குளோஸ்டரில் சேர்ந்தபோது அதற்கு அன்னபூரணி என்ற பெயர் இல்லை. ராபின்சன் தன் மனைவியின் பெயரை வைத்து 'ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றியிருந்தார். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் தங்கவயல்காரனுக்கு அது வலிக்கிறது. எங்கள் ஊரில் ஷாஃப்டுகளுக்குக் கிஃபர்ட், எட்கர் என்று பெயர். பேட்டைகளுக்கு ராபர்ட்சன், ஆண்டர்சன் என்று பெயர். வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை குடைந்த எங்கள் பாட்டன்மாரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அன்னபூரணி உருவான அதே காலத்தில், 1930-இல், தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. மனிதனின் ரேகையைக் கேட்டவர்கள், அவன் பெயரைப் பலகையில் எழுத நினைக்கவில்லை.

ராபின்சன் பிறகு மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் பட்டறை வைத்தார். அங்கே தனக்கென்று அவர் கட்டிக்கொண்ட 'வருவா' 70 அடி. 1942-இல் நீரில் இறங்கியது. 1945-இல் அதில் தாஹித்தி போய், அந்தத் தீவிலேயே வாழ்ந்து 1988-இல் மறைந்தார். முப்பத்திரண்டரை, 89, 70 என்று அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். தன் ஆயுளுக்கான கலத்தைக் கட்டும்போது அவர் அந்தப் பெரிய அளவுக்குத் திரும்பவில்லை. தானே பொறுப்பேற்று நடத்தக்கூடிய அளவையே தேர்ந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பெரிய படகு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. எத்தனை அடி என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் கை வேண்டும், அந்தக் கைகளுக்கு நாம் என்ன மரியாதை வைத்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு எங்கள் சுரங்கம் மூடப்பட்டது. அப்பா கட்டிய மரங்கள் இப்போது தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றை இனி யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத வேலைக்குப் பெயராவது மிஞ்ச வேண்டும். உங்கள் வீட்டில் சுரங்கத்தில் இறங்கியவரோ, தோணி கட்டியவரோ, பாய் இழுத்தவரோ இருந்திருந்தால், அவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

குளோஸ்டருக்குப் போன அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி. அதன் தண்டையல் பெயர் தம்பிப்பிள்ளை.