வேடரும் வேட்டைநெறியும்

புலிக்கால் முனிவர் பூசித்த நம் திருப்புலிவனத்திற் புலி இன்று பெயரளவே. சிறுவர் படிக்கும் கதைகளில் வேடன் கொடியவனாகவே வருகின்றான். இது தகுமோ என்று அன்பர்கள் ஆராய்தல் வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான், கண்ணப்ப நாயனாரின் முதல் வேட்டையைப் பாடுமிடத்து, வேட்டுவர் யானைக்கன்றைத் தொடர்ந்திலர், குருளைகளைக் கொன்றிலர், கருவுற்றுத் தளர்ந்த பிணையை அலைத்திலர் என்று குறித்தனர். கொலைத்தொழிலுக்கும் வரம்பு உண்டென்பதை அவ்வேடர் அறிந்திருந்தனர் என்பதே இதன் கருத்து.

இனி, நமக்கு அயலதாகிய மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலைக் காண்க. வேடர் தங்கிய ஊர் என்பது அப்பெயர்ப்பொருள். ஏரி மரங்களிற் கூடு கட்டும் நாரை முதலியவற்றை அவ்வூரார் நெடுங்காலம் காத்தனர். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலின், அறத்தோடு விளைச்சலும் கிட்டிற்று. இதிற் குறை காண்பாரோடு யாம் உடன்படோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சிப்பாய்கள் அப்பறவைகளை விளையாட்டாகச் சுட்டனர். துப்பாக்கியேந்திய துரையைக் கனவான் என்றும், வில்லேந்தியவனைக் கொடியன் என்றும் உலகம் கூறியது வியப்பே! ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் லயனல் பிளேஸ் துரை, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பெற்றது. 1936-இல் ஏரி சரணாலயமாயிற்று.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1972-இல். வேடர் பெயர் பூண்ட ஊர் அதற்கு 174 ஆண்டு முன்னரே கவுல் பெற்றிருந்தது.