சாசனப் பள்ளி, கிராமிய
அமெரிக்க ஐக்கிய நாட்டில், அரசாங்கப் பொருளுதவியால் கட்டணமின்றி நடப்பினும், சாசனம் எனப்படும் உடன்படிக்கையின்படி சுயேச்சையாக நிர்வகிக்கப்படும் பொதுப் பள்ளி. இதற்குரிய சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாகாணம் மின்னசோட்டா (1991). வேளாண் சமூகத்தில் இதனை ஸ்தாபிக்க விழைவோர், பாடத்திட்டம், நிதி, நிர்வாகம் ஆகியவற்றை விளக்கி அனுமதி வழங்கும் அமைப்பிடம் விண்ணப்பிப்பர். பிள்ளைகள் சிலரே உள்ள ஊரில், மாணவரோடு அரசு நிதியும் இடம்பெயர்வதால், பழைய பள்ளி நலியுமோ என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும், 1994-இல் லெ சூர் என்னும் சிற்றூரில் தொடங்கிப் பின்னர் ஹெண்டர்சனுக்குப் பெயர்ந்த மின்னசோட்டா நியூ கண்ட்ரி பள்ளி, மாணவர் தாமே தேர்ந்த ஆய்வுகளைக் கல்வியின் ஜீவனாக்கிற்று. அதன் மாணவர்கள் 1995-இல் பண்ணையொன்றின் நீர்நிலையருகே அங்கக் குறையுற்ற தவளைகளைக் கண்டறிவித்தமை, விஞ்ஞானிகளின் விரிவான ஆராய்ச்சிக்கு வித்திட்டது.