கப்பிச் சாலையும் வெறுங்காலும்

கலகம் அடங்கிய சீமையில் அரசாங்கம் பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம் சாலை போடுவது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பிறகு வரலாம், வராமலும் போகலாம். அந்தச் சாலை யாருக்காக என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்காட்லாந்தின் மலைநாடு ஞாபகம் வருகிறது.

ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்றுவதற்காக 1715-ல் அங்கே ஒரு கலகம் மூண்டு அடங்கியது. 1724-ல் நிலவரம் பார்த்து வரும்படி ஜெனரல் ஜார்ஜ் வேடை லண்டன் அனுப்பியது. சாலையும் பாலமும் இல்லாமல் பட்டாளம் மலைக்குள் போக முடியாது என்றார் அவர். மறு வருஷமே சிப்பாய்கள் கடப்பாரை பிடித்தார்கள். அதற்காகத் தினம் ஆறு பென்ஸ் அதிகப்படிச் சம்பளம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சுமார் 250 மைல் சாலை உருவாயிற்று.

மலைமக்கள் மகிழ்ந்தார்களா? அப்போது அங்கே வசித்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயரின் கடிதங்கள் 1754-ல் புத்தகமாக வந்தன. அவற்றைப் படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்நியர் உள்ளே வந்தால் குடிகளின் விசுவாசம் குறையும் என்பது குலத்தலைவர்களின் புகார். பாலம் கட்டினால் ஆற்றில் இறங்கி நடக்கும் ஜனங்கள் கோழைகளாகிவிடுவார்களாம்! நடுத்தரக்காரனுக்கு வேறு கவலை. அவன் குதிரைக்கு லாடம் கிடையாது. கப்பிக்கல் குளம்பைத் தேய்த்துவிடும். ஏழைக்கோ செருப்பே கிடையாது. சாலைக் கல் உள்ளங்காலைக் குத்தியது. அதனால் சாலையை விட்டிறங்கி, பக்கத்துக் கரடுமுரடில் நடந்து போனவர்கள் உண்டு. எத்தனை அறிக்கைகள் படித்தாலும் இந்த ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை.

சாலைக்கு ராஜவிசுவாசம் தெரியாது. 1745-ல் இளவரசர் சார்லஸ் எட்வர்டு மறுபடி கலகக்கொடி உயர்த்தியபோது, வேட் போட்ட கொரியாரிக் கணவாய்ச் சாலையை அவருடைய ஆட்களே முந்திப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்க வந்த ஜெனரல் கோப், இன்வர்னெஸ் பக்கம் ஒதுங்கிப் போனார். கலகப்படை அரசாங்கச் சாலையிலேயே ஜோராகத் தெற்கே இறங்கியது!

1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் எல்லாம் முடிந்தது. ஆயுதத்துக்குத் தடை, மலைநாட்டு உடைக்கும் தடை. 1747-ல் தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரமும் போயிற்று. சண்டைக்கு ஆள் வேண்டாமென்றான பின் தலைவர், வெறும் மிராசுதாரர் ஆனார். குடியானவனிடம் அவர் எதிர்பார்த்தது வாளையல்ல, வாடகைப் பணத்தை.

பட்டாளம் உள்ளே போன மலையிலிருந்து பட்டாளத்துக்கு ஆட்களும் வெளியே வந்தார்கள். 1745 கலகத்தில் பிடிபட்டு மன்னிக்கப்பட்ட மக்ளவுட் பிரபு, 1777-ல் அரசருக்காகவே ஒரு ரெஜிமெண்ட் திரட்டினார். அது சென்னையில் வந்து இறங்கியது. 1780-ல் நம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியிடம் அழிந்த படையில் அதன் இரண்டு கம்பெனிகள் இருந்தன.

1803-லிருந்து தாமஸ் டெல்ஃபோர்டு 920 மைல் சாலை போட்டார். செலவில் பாதி சர்க்காருடையது, பாதி மிராசுதாரர்களுடையது. வேலையும் கூலியும் கிடைத்தால் ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேற மாட்டார்கள் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஆனால் கம்பளியைச் சந்தைக்கு அனுப்புவது எளிதானால், மிராசுதாரருக்கு மனிதனைவிட ஆடு லாபம். 1812-ல் சதர்லாந்தின் எல்லையில் அவருடைய போனார் பாலம் கட்டி முடிந்தது. 1814-ல் அதே சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிகளை வெளியேற்றி, திரும்பி வராதபடி கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். செவியட் ஆடுகள் உள்ளே வந்தன. ஜனங்கள் கடற்கரைக்கு நடந்தார்கள்.