எத்தனை கண் பாலம்?

பாலத்தைப் பொறியாளர் அடிக்கணக்கில் அளப்பார். ஊரார் கண்ணைத்தான் எண்ணுவார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகும் திறப்புக்குக் கண் என்று பெயர்.

துளைக்கும் திறப்புக்கும் இச்சொல் தமிழில் தாராளமாக வழங்குகிறது. வலைக்குக் கண் உண்டு, சல்லடைக்கு உண்டு, தேங்காய்க்கும் உண்டு. பாசனத்தில் மதகின் திறப்பும் கண்தான். மேட்டூர் அணையின் உபரிநீர் வெளியேறும் இடம் இன்றும் ‘16 கண் மதகு’. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் ‘கண்மாய்’ என்ற சொல்லைக் ‘கண்வாய்’ என்பதன் மரூஉ என்பர். நீர் வெளியேறும் வாயின் பெயர் நீர்நிலை முழுவதற்கும் ஆகிவிட்டது. மதகுக்கு வழங்கிய சொல் பாலத்துக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. இரண்டிலும் எண்ணப்படுவது நீரின் வழியே.

தாமிரபரணியின் குறுக்கே திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்துக்கு 11 கண். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது, 1843-இல் முடிந்தது. லண்டனில் ஜான் ரென்னி வடிவமைத்து 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலமே முன்மாதிரி. கண்களுக்கிடையே நிற்கும் இரட்டைத் தூண் அலங்காரம் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தக் கருங்கல் பாலத்துக்கு 9 கண், ஒவ்வொன்றும் 120 அடி. நெல்லையில் ஒரு கண்ணுக்கு 60 அடி.

இந்தக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. வளைவுக் கண்ணில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்று, மேலே ஏறும் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நடுவில் ஒரு கண்ணின் தள்ளலை அடுத்த கண் எதிர்த்து நிற்கும். கடைசிக் கண்ணைக் கரை தாங்க வேண்டும். கண் அகன்றால் தள்ளல் கூடும். கண்களைக் கூட்டினால் தூண்கள் பெருகி ஆற்றை நெருக்கும். விசையெடுத்த நீர் தூணடி மணலை அரிக்கும்.

வாட்டர்லூவுக்கும் எமன் அரிப்புதான். ஆற்றின் போக்கில் அதற்குக் கீழே, பழைய லண்டன் பாலம் பல குறுகிய கண்களோடு தேம்ஸ் ஆற்றை அணைபோல் மறித்து நின்றது. 1831-இல் புதுப்பாலம் வந்ததும் பழையதை இடித்தார்கள், ஆறு வேகமெடுத்தது. நாளடைவில் வாட்டர்லூவின் தூண்கள் அமிழ்ந்தன. 1930-களில் அதையும் இடித்தார்கள். நெல்லையின் 11 கண் நிற்கிறது.